வயரிங் லைசென்ஸ்: புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

"அண்ணே, லைசென்ஸ் எடுக்கணும், எவ்வளவு ஆகும்?" மாதத்துக்கு ஒரு பையனாவது என்னிடம் இப்படிக் கேட்டு வருவான். "எந்த லைசென்ஸ் தம்பி?" என்று திருப்பிக் கேட்பேன். பேச்சு அங்கேயே நின்றுவிடும். லைசென்ஸ் என்பது ஒரே ஒரு அட்டை, அதை யாரோ ஒருவர் விற்கிறார் என்றுதான் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் நான்கு வருடம் வீணானது. அந்தக் கதை கீழே வரும்.

இங்கே நான் எழுதுவது தமிழ்நாட்டு நடைமுறை. வேறு மாநிலங்களில் வாரியத்தின் பெயரும் சான்றிதழின் எழுத்தும் மாறும். அடிப்படைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

சட்டம் என்றதும் தாண்டிப் போய்விடாதீர்கள். இதில் தெரிய வேண்டியது ஒரே ஒரு விதி, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி என்று ஒன்று இருந்தது. பழைய ஆட்கள் இன்றைக்கும் "ரூல் நாற்பத்தஞ்சு" என்றுதான் சொல்வார்கள். 2003-இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதியவை வந்தன. எண் மாறினாலும் உள்ளே இருக்கும் சங்கதி அப்படியேதான் இருக்கிறது.

அது சொல்வது இது: ஒரு கட்டடத்தில் மின்சார வேலை எதுவானாலும், புதிதாகப் போடுவதோ கூட்டுவதோ மாற்றுவதோ பழுது பார்ப்பதோ, மூன்று பேர் சேர்ந்தால்தான் செய்யலாம். அரசு உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் அந்த வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேராக நின்று பார்க்க வேண்டும். கையால் வேலை செய்கிறவரிடமும் அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாமான்கள் இவற்றைக் கழற்றி அதே அளவில் வேறொன்று மாட்டலாம், இணைப்பின் தன்மையோ கொள்ளளவோ மாறாத வரைக்கும். அதாவது பழுதான 5 ஆம்பியர் சுவிட்சை எடுத்துவிட்டு இன்னொரு 5 ஆம்பியர் சுவிட்ச் போடுவதற்கு யாருக்கும் உரிமம் தேவையில்லை. அதே இடத்தில் ஏசிக்குத் தனி லைன் இழுத்தால் கதை வேறு. "சின்ன வேலைதானே" என்று நாம் சொல்வதில் பாதி, சட்டத்தின் கண்ணில் சின்ன வேலை கிடையாது.

இன்னொரு வரியும் அந்த விதியில் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த முறைப்படி செய்யாத வேலைக்கு மின் இணைப்பு கொடுக்கக் கூடாது. டெஸ்ட் ரிப்போர்ட் என்று ஒரு காகிதத்துக்கு எல்லோரும் அலைகிறார்களே, அது பிறந்த இடம் இதுதான்.

யார் கொடுக்கிறார்கள்

மின்வாரியம் கொடுப்பதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் இரண்டு கழகங்களாகப் பிரிந்து, 2024-இல் மறுபடியும் பெயர் மாறிவிட்டது. எத்தனை பெயர் மாறினாலும் நமக்கு அது "ஈபி"தான். கரண்ட் கொடுப்பதும் மீட்டர் வைப்பதும் பில் வாங்குவதும் அவர்கள் வேலை. வயர்மேன் சான்றிதழுக்கும் கான்ட்ராக்டர் உரிமத்துக்கும் போக வேண்டியது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். சென்னை கிண்டியில், திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது.

குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே கான்ட்ராக்டர் உரிமத்தில் ஒரு வகைக்கு இ.பி. என்றே பெயர். "எனக்கு ஈபி லைசென்ஸ் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், ஈபி ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று வீட்டுக்காரர் நினைத்து மரியாதையாக மோர் கொண்டுவந்து கொடுப்பார். அதை நான் மறுத்ததில்லை.

வாரியம் தரும் சான்றிதழ்களைத் தொழிலில் இப்படிச் சொல்கிறோம். எச் என்றால் ஹெல்பர், அதாவது மின்கம்பியாள் உதவியாளர். பி என்றால் வயர்மேன், மின்கம்பியாளர். சி என்றால் சூப்பர்வைசர், மேற்பார்வையாளர். இவை மூன்றும் ஆளுக்குத் தருவது, உங்கள் பெயரில், உங்கள் போட்டோவோடு. மின் உற்பத்தி நிலையத்தில் இயக்கம், பராமரிப்பு பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு. கான்ட்ராக்டர் உரிமம் நிறுவனத்துக்குத் தருவது. அதில் இ.எஸ்.ஏ., இ.ஏ., இ.எஸ்.பி., இ.பி. என்று நான்கு வகை. புதிதாக வருகிற உங்களுக்கு முதல் சில வருடங்களுக்குத் தேவைப்படுவது எச் அல்லது பி மட்டும்தான். கான்ட்ராக்டர் உரிமத்தைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம்.

படித்து வருவதா, வேலையிலிருந்து வருவதா

வழி இரண்டு.

பள்ளி முடித்த வயதில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். இரண்டுமே 2 வருடப் படிப்பு. முடித்ததும் ஒரு தொழிற்சாலையிலோ மின்கழகத்திலோ அப்ரண்டீஸ் பயிற்சி எடுத்து அந்தச் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் குறைவு என்று அதைத் தவிர்க்கிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். பின்னால் விண்ணப்பம் போடும்போது "அனுபவம்" என்ற கட்டத்தில் எழுத ஏதுமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டபிள்யூ படிவத்தில் வயர்மேன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெண்களும் வரலாம், சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பேனல் போர்டு கட்டும் வேலையில் அவர்கள் கை சுத்தம் எங்களைவிட மேல்.

இரண்டாவது வழி என்னுடையது. படிப்பு பாதியில் நின்று, ஒரு மேஸ்திரியிடம் காடி வெட்டவும் பைப் பதிக்கவும் சேர்ந்தவர்களுக்கானது. இவர்களுக்காகத்தான் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை நடத்துகிறது. வயரிங் தொழிலில் 5 வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்ச வயது என்று ஒன்று இல்லை. என் கூட எழுதியவர் ஒருவருக்கு வயது 50-க்கு மேல், அவர் மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டுப்போனான். அறிவிப்பு வரும்போது மாவட்டச் செய்தியாகப் பேப்பரில் சின்னதாக வரும், கண்ணில் படாமல் போவது சுலபம். துறையின் இணையதளத்திலும் போடுவார்கள். பக்கத்தில் இருக்கும் அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு நடை போய் விசாரித்து வைத்துக்கொள்வது இரண்டையும்விட நல்லது. தேர்வு அங்கேதான் நடக்கும், தேதியும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

என் நான்கு வருடம்

இப்போது அந்தக் கதை. பதினேழு வயதில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். நல்ல வேலைக்காரர். பைப்பை வளைத்தால் பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். நான்கு வருடம் அவரோடு சுற்றினேன். பின்னால் தேர்வுக்கு விண்ணப்பம் போட உதவும் என்று அதுவரையான அனுபவத்துக்குச் சான்று கேட்டபோதுதான் தெரிந்தது, அவருக்கே எந்த உரிமமும் கிடையாது. தாராளமாக எழுதிக் கொடுத்தார், பாவம். லெட்டர் பேடுகூட அடித்து வைத்திருந்தார். ஆனால் உரிமம் இல்லாதவர் எழுதிக் கொடுத்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு? வேறொரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

ஆகவே யாரிடம் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, உங்க கான்ட்ராக்ட் லைசென்ஸ் நம்பர் என்ன?" கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இருக்கிறவர் பெருமையாகக் காட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்னிடம் வேலை பார்த்தார், இன்ன வகை வேலை என்று எழுதி, உரிம எண்ணும் முத்திரையும் கையெழுத்தும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து மொத்தமாகக் கேட்கலாம் என்று விடாதீர்கள். அதற்குள் அவர் தொழிலை விட்டுவிடலாம். உங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருக்கலாம். இரண்டும் எங்கள் வட்டாரத்தில் நடந்திருக்கிறது.

தேர்வுக்கு என்ன படிப்பது

எழுத்துப் பகுதியும் செய்முறையும் உண்டு. வேலை தெரிந்தவர்கள் செய்முறையில் கவலைப்பட மாட்டார்கள், எழுத்தில் தடுமாறுவார்கள். நமக்குத் தெரிந்ததற்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும், அதுதான் சிக்கல். ஓமின் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, வாட்ஸ் எப்படிக் கணக்கிடுவது, யூனிட் என்றால் என்ன, சிங்கிள் ஃபேஸில் 230 வோல்ட்டும் மூன்று ஃபேஸில் 400 வோல்ட்டும் எப்படி வருகின்றன, இவ்வளவும் விரல்நுனியில் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன் முதல் வருடப் பாடப்புத்தகம் தமிழில் கிடைக்கிறது. அதில் பாதியைப் புரிந்து படித்தாலே தைரியம் வந்துவிடும்.

செய்முறையில் எல்லோரும் சறுக்குவது மாடிப்படி இணைப்பில். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரு விளக்கு. வீட்டில் நூறு தடவை போட்டிருப்போம். தேர்வு நடத்துபவர் பக்கத்தில் நின்றால் கை நடுங்கும். பலகையில் மாட்டி, படம் வரைந்து, படத்தைப் பார்க்காமல் இணைத்துப் பழகுங்கள். படம் வரையத் தெரியாமல் வேலை மட்டும் தெரிந்தவர்கள் நம் தொழிலில் அதிகம். அது ஒரு குறைதான். பத்து வருடம் கழித்து வேறொருவர் உங்கள் வேலையைப் பிரிக்கும்போது படம் இருந்தால் அவர் உயிர் பிழைப்பார்.

காகித வேலை

இது சலிப்பான பகுதி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி பெற்றது வேறு, சான்றிதழ் வாங்கியது வேறு. உதவியாளர் தேர்வில் தேறிவிட்டு, அந்தக் காகிதத்தையே லைசென்ஸ் என்று நினைத்து லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. தேறிய பிறகு டபிள்யூ.எச். படிவத்தில் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு விண்ணப்பித்தால்தான் எச் சான்றிதழ் வரும். படிவங்களும் கட்டண விவரமும் வாரியத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. கட்டணம் அவ்வப்போது மாறும், நண்பர் போன வருடம் கட்டிய தொகையைக் கேட்டுக்கொண்டு கட்டாதீர்கள். படிவத்தின் கூடவே இருக்கும் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். எச் கையில் இருப்பவர் பி-க்கு எப்படிப் போவது என்பதும் அங்கேதான் இருக்கும்.

பெயர்தான் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து, இனிஷியல் முன்னாலும் பின்னாலும். விண்ணப்பம் போடும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். புரோக்கரிடம் போகாதீர்கள். அவர் செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான். தப்பாக நிரப்பிவிட்டுப் போனை எடுக்க மாட்டார்.

பொறியாளர்களுக்கு ஒரு பத்தி

பி.இ. எலெக்ட்ரிகல் முடித்த தம்பிகள் சில பேருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். பட்டம் வாங்கினாலும் ஒரு வீட்டு வயரிங்குக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் தானாக வராது. மருத்துவர்களுக்கு மருத்துவ கவுன்சில் பதிவு, வக்கீல்களுக்குப் பார் கவுன்சில் பதிவு இருப்பதுபோல் இந்தியாவில் பொறியாளர்களுக்கென்று நாடு தழுவிய கட்டாயப் பதிவு கிடையாது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட, 1920-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் தரும் சார்ட்டர்டு இன்ஜினியர் பட்டம் கௌரவமானது, பல இடங்களில் மதிப்புண்டு. ஆனாலும் வயரிங் மேற்பார்வைக்கு அது மாற்றாகாது. டிப்ளமோவோ பட்டமோ வைத்திருப்பவர்கள் எஸ் படிவத்தில் விண்ணப்பித்து சி சான்றிதழ் வாங்க வேண்டும். படிப்போடு வேலை அனுபவமும் கேட்பார்கள். கல்லூரி முடித்த சூட்டோடு ஒரு நல்ல கான்ட்ராக்டரிடமோ ஆலையின் மின்பிரிவிலோ சேர்ந்து அந்தக் காலத்தைக் கழித்துவிடுவது புத்திசாலித்தனம். சி சான்றிதழ் இருக்கிற ஆளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. காரணம் அடுத்து வருகிறது.

கான்ட்ராக்டர் ஆவது

சொந்தமாகத் தொழில் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கான்ட்ராக்டர் உரிமத்தைத் தனி ஆளாக வாங்க முடியாது. உங்களிடம் சி சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் இருக்க வேண்டும், பி சான்றிதழ் உள்ள வயர்மேன்கள் இருக்க வேண்டும். அவர்கள் அதே நேரத்தில் இன்னொரு கான்ட்ராக்டரின் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒருவர் விலகிப்போனால் வாரியத்துக்குத் தெரிவித்து வேறு ஆளைக் காட்ட வேண்டும். உங்கள் பணபலத்துக்கு வங்கியிடமிருந்து சால்வன்சி சான்று கேட்பார்கள். சோதனைக் கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும்: மெக்கர் (வயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது), எர்த் டெஸ்டர் (எர்த்தின் தடையை அளப்பது), டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விக் கரண்டை அளப்பது) போன்றவை. உரிம வகையைப் பொறுத்து பட்டியல் நீளும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உரிமத்துக்காக வாங்கி, ஆய்வு முடிந்ததும் பெட்டியோடு பரணில் ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. பேட்டரி ஒழுகி உள்ளே பச்சை பிடித்துப் போன மெக்கர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியைத் தொடாமல் ரீடிங் எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

டெஸ்ட் ரிப்போர்ட்

இந்தத் தொழிலில் ஒரு காகிதத்துக்கு உயிர் இருக்கிறது என்றால் இதற்குத்தான். புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்கும்போது, வயரிங் முடிந்தது, சோதித்தோம், ரீடிங் இவ்வளவு என்று உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது. அதை நம்பித்தான் ஈபி ஆட்கள் கரண்ட் விடுகிறார்கள். அவர்கள் உங்கள் சுவருக்குள் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது.

அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவது என்று கற்றுக்கொள்ளுங்கள், ஹெல்பராக இருக்கும்போதே. மெயின் சுவிட்சை அணைத்து, பல்புகளையும் சாமான்களையும் கழற்றி, எல்லாச் சுவிட்சையும் ஆன் செய்து வையுங்கள். மெக்கரை 500 வோல்ட்டில் வைத்து, உயிர்க்கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு நிமிடம் கொடுங்கள். ரீடிங் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயரில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். 1-ஐ ஒட்டி வந்தால் எங்கேயோ ஆணி ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் பைப்புக்குள் சிமெண்ட் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு சுவிட்சும் ஃபேஸை, அதாவது உயிர்க்கம்பியை, வெட்டுகிறதா என்று பாருங்கள். நியூட்ரலை வெட்டும் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றப் போகும் ஆளுக்கு அது தெரியாது. பிறகு எர்த். 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர் ஆழம் என்று தரநிலையில் இருக்கும். நம் ஊரில் ஒன்றரை மீட்டரில் பாறை வந்துவிட்டது என்று கொத்தனார் நிறுத்திவிடுவார், குழியை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எர்த் டெஸ்டருக்குத் தெரியும். கடைசியாக, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர்தான் போட வேண்டும். 100 மில்லி ஆம்பியர் கட்டடத்தைத் தீயிலிருந்து காக்க உதவும், கை வைத்தவரைக் காப்பாற்றாது.

இந்திய தரநிலைகளில் வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043. இரண்டு எண்ணையும் மனதில் வையுங்கள், சைட்டில் இன்ஜினியரோடு வாக்குவாதம் வரும்போது கைகொடுக்கும்.

கையெழுத்தை வாடகைக்கு விடுவது

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். புதிதாக வருபவர்கள் எப்படியும் இதைச் சந்திப்பார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். உரிமம் இல்லாத மேஸ்திரி வயரிங் முடிப்பார். உரிமம் உள்ள ஒருவரிடம் போய் ரிப்போர்ட்டுக்கு ஒரு தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். அவர் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார். தெருப்பெயர்கூடத் தெரியாது. அதேபோல சி சான்றிதழை ஒரு கான்ட்ராக்டரின் பட்டியலில் ஏற்றிவிட்டு, மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பவர்களும் உண்டு. பட்டம் முடித்த பையன்களிடம் முதலில் வந்து நிற்கும் பேரம் இதுதான்: "சும்மா பேரு மட்டும் போட்டுக்கிறோம் தம்பி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன். தெரிந்த மேஸ்திரி, மழைக்காலம், கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே போட்டிருக்கேண்ணே" என்றான், போட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டம்மாவுக்கு வாஷிங் மெஷினில் ஷாக் அடித்து, குளியலறை வாசலில் விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. போய், வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பெட்டியைத் திறந்தேன். பச்சை வயர் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தன. எதுவும் எர்த் கட்டையில் இணைக்கப்படவில்லை, மொத்தமாக மடித்து டேப் சுற்றி ஓரத்தில் ஒதுக்கியிருந்தது. வெளியே எர்த் குழியே தோண்டவில்லை. ரிப்போர்ட்டில் எர்த் ரீடிங் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் 2 ஓம் என்று எழுதியிருந்தேன். அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. காபி கொடுத்தார்கள், இடது கையால்.

சட்டப்படியும் பார்த்துவிடுவோம். மின்சாரத்தால் உயிர்ச்சேதமோ காயமோ நேர்ந்தால் 2003 சட்டத்தின் 161-ஆவது பிரிவுப்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். உயிர் போனால் 24 மணி நேரத்துக்குள். ஆய்வாளர் வந்து விசாரிப்பார். அந்த விசாரணையில் ரிப்போர்ட்டும் அதில் இருக்கும் பெயரும் மேசைக்கு வரும். வாடகை வாங்கிய தொகை அன்றைக்கு நினைவுக்கு வராது.

மின் ஆய்வுத்துறை

இவர்களை உரிமம் வழங்கும் வாரியத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு அரசின் மின் ஆய்வுத்துறை என்பது தலைமை மின் ஆய்வாளரின் கீழ் இயங்குவது. உயர் அழுத்த இணைப்பு உள்ள ஆலை, பெரிய ஜெனரேட்டர், உயரமான கட்டடம் இவற்றுக்கு அவர்கள் பார்த்து அனுமதித்த பிறகே மின்சாரம் ஏற்றலாம். லிஃப்ட் உரிமமும் இவர்களிடம்தான், அதற்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. பழைய கணக்கில் 250 வோல்ட் வரை தாழ் அழுத்தம், 650 வரை நடுத்தரம், 33,000 வரை உயர் அழுத்தம், அதற்கு மேல் மிகை உயர் அழுத்தம். வீடும் கடையும் பார்க்கிற நமக்கு முதல் இரண்டோடு வேலை முடிந்தது. உயர் அழுத்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தேர்ந்த ஆளுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு வருடம் நடந்துவிட்டுப் போங்கள்.

வெளியூர், வெளிநாடு

நம் சான்றிதழ் தமிழ்நாட்டுக்கு. பெங்களூரில் சொந்தமாக வேலை எடுத்தால் அந்த மாநிலம் அதை ஏற்கிறதா என்று அங்கே கேட்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போக நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அங்கே எரிசக்திச் சந்தை ஆணையம் மூன்று படிகளில் உரிமம் தருகிறது: எலெக்ட்ரீசியன், டெக்னீஷியன், இன்ஜினியர். எலெக்ட்ரீசியன் 45 கிலோவோல்ட் ஆம்பியர் வரையிலான வேலைக்குத்தான் பொறுப்பேற்கலாம். டெக்னீஷியன் வடிவமைத்துப் போடுவது 150 வரை. இங்கிருந்து போகும் பையன்கள் பெரும்பாலும் அந்த உரிமம் உள்ளவருக்குக் கீழேதான் வேலை செய்வார்கள். நம் பி சான்றிதழை அங்கே காட்டினால் வேலை தெரிந்தவன் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஏஜெண்ட் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

புதுப்பிக்கும் தேதி

சான்றிதழுக்கும் உரிமத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. காலம் முடிந்த சான்றிதழில் போட்ட கையெழுத்து செல்லாது, அந்த ரிப்போர்ட்டும் செல்லாது. வீட்டுக்காரர் ஈபி ஆபீசில் நின்றுகொண்டு போன் செய்வார். போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்னால். மூலச் சான்றிதழை வண்டி டேஷ்போர்டில் போட்டு வெயிலில் வாட்டாமல் வீட்டில் வையுங்கள், சைட்டுக்கு நகல் போதும். நகலின் பின்பக்கத்தில் உங்கள் ரத்த வகையையும் வீட்டு நம்பரையும் எழுதி வைத்துவிடுங்கள். இது எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை. என் முதல் கான்ட்ராக்டர் எல்லோரையும் எழுத வைத்தார்.